கறுப்பாய்த் தெரிந்த சிவப்பு

என் முதுகில் முதல் குத்தைப் பதித்தவனும், தன் தட்டின் கடைசி உருளைக்கிழங்கை என் தட்டில் போட்டவனுமான கதிர் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால் உதைப்பாய். அதனால் கேட்கவில்லை. நீ போன விதத்தை நான் மறப்பதாக இல்லை. வானத்தை மன்னிப்பதாகவும் இல்லை. செம்பனைக் குலை வெட்டக் கழியை உயர்த்திக்கொண்டு நீ நின்றாய், அது மின்னலால் குறிபார்த்து அடித்தது. அலுமினியக் கழியின் நுனி மெழுகாக உருகியது. சட்டை முதுகில் கிழிந்தது. இரண்டு பூட்ஸும் வெடித்துத் திறந்துகொண்டன. "மேல போறப்பகூட செருப்பக் கழட்டிட்டுத்தான் போயிருக்கான், மரியாத தெரிஞ்சவன்" என்று இழவு வீட்டில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். சிரித்து முடித்து அடித்திருப்பாய்.

உனக்கு இங்கத்திய செய்தி சொல்ல வேண்டும். நீ போன பிறகு அம்மாவை ராசா டவுனில் அத்தை வீட்டில் விட்டோம். இடி கேட்டால் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவளைக்கூடச் சமாளித்துவிடலாம். அப்பாவைத்தான் முடியவில்லை. உன் கழியின் உருகிய நுனியை அறுத்தெறிந்துவிட்டு, புது அரிவாளை இறுக்கிக் கட்டி, அதையே தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். மேகம் கறுத்தால் மற்றவர்கள் கழியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்று கத்துவார்.

"வாடா! சின்னப் பையனத்தான அடிச்ச? பெத்தவன் நிக்கிறேன், இப்ப அடி!"

ஆட்கள் அவரை இழுத்து வந்தார்கள். இழுத்தவன் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. அடுத்த முறை யார் இழுப்பார்கள்? அதற்குள் வானம் அவர் பேச்சைக் கேட்டுவிட்டால்? எனக்கு இருந்த ஒரே பயம் இதுதான். மற்றபடி என்னிடம் கோபம் மட்டும்தான் இருந்தது, அதுவும் சாக்கு சாக்காக.

நம் தோட்டத்தில் எவனும் வானத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. மட்டைகளுக்குக் கீழே நின்றால் வானம் சல்லடை ஓட்டைகளாகத்தான் தெரியும். சுவா ஊர்ப் பக்கத்துக் குன்றுக்குப் பின்னாலிருந்து மழை ஏறி வருவது, அது மண்டையில் விழும்வரை தெரியாது. அதற்குத்தான் ஆபீஸில் மின்னலைக் காட்டும் ஒரு கம்ப்யூட்டர், கூரையில் ஒரு சைரன். நம்மவர்கள் இன்னும் அதைச் சங்கு என்றுதான் சொல்கிறார்கள். சங்கு ஊதினால் கழியைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அன்று அந்தச் சங்கு ஊதவில்லை. மறுநாள் உனக்கு வேறு சங்கு ஊதினார்கள். முதல் சங்கு ஊதியிருந்தால் இரண்டாவதற்கு என்ன வேலை, அண்ணே?

ஏன் ஊதவில்லை? ஆபீஸ் கணக்கையும் சங்கையும் பார்த்துக்கொள்ளும் கிராணி மாணிக்கம் அங்கிளிடம்தான் கேட்க வேண்டும். "மின்னல் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலப்பா" என்றார். உன் கருமாதியில் இலை போடும்போதும் அதையே சொன்னார்.

ஆகவே நான் அந்தக் கம்ப்யூட்டரைக் கொல்லப் போனேன்.

பள்ளி விடுமுறை. மதியம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆபீஸ் வாசலை மிதிக்கத் தடை இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரு முறை கிராணி அங்கிளின் திரையைத் தலைகீழாகத் திருப்பி விட்டேன். அதைச் சரி செய்யத் தெரியாமல் பாதி நாள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வேலை பார்த்தவர், மறுநாள் கழுத்தில் பட்டையோடு வந்தார். நீதான் எனக்காக மன்னிப்புக் கேட்கப் போய், பட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீயும் திட்டு வாங்கி வந்தாய். அந்தத் தடையையும் கதவையும் சேர்த்து ஒரே உதையில் திறந்தேன்.

"டேய் வாலு! வெளிய போ லா!"

"எது அங்கிள் அந்த மெஷின்? காட்டுங்க. சின்ன வேலதான்."

"கையில என்னடா?"

"டாக்டர் ஸ்பேனர். ஆபரேஷனுக்கு வந்திருக்காரு."

ஸ்பேனரை ஓங்கியபோது அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் தலையால் முட்டினேன். தேநீர்க் கிளாஸ் பறந்து சுவரில் சிதறியது. அவர் கையின் பின்புறம் என் மூக்கில் இறங்க, ரத்தம் கொட்டியது. அவருடைய முட்டியில் உதைத்தேன். நாற்காலி எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு கவிழ்ந்தது. ஸ்பேனர் மேசைக்கு அடியில் போய்விட்டது. இடுகாட்டில் எனக்குப் பக்கத்தில் நின்று அழுத மனிதரைத் தாடையில் குத்தினேன். வயதானவர் என்று நினைத்தேன். வயதானவரின் பிடியைப் பார்த்திருக்க வேண்டும் நீ! பின்னாலிருந்து என் கழுத்தை முழங்கைக்குள் பூட்டித் தூக்கி நிறுத்தினார். என் முகத்துக்கு நேரே அந்தத் திரை.

வட்டமாக நம் தோட்டத்தின் படம். முழுக்கச் சிவப்பு. என் மூக்கிலிருந்து சொட்டிய அதே நிறம். குன்றுப் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு.

"என்ன அங்கிள் இது, இவ்ளோ செவப்பு?"

"எப்பவும் அப்படித்தான் லா. பழைய கம்ப்யூட்டர்ல எறும்பு பூந்து செத்துப் போச்சு. புதுசுல இந்தப் புரோகிராமப் போட்டதுலேருந்து ஒரே செவப்பு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், ஆள் வருவாங்கன்னாரு."

"அந்தக் கறுப்பு?"

"அது நல்லது. கறுப்பு வந்தா செவப்பு கொறையுது. அன்னிக்குக்கூட..."

நிறுத்திவிட்டார். கழுத்தில் இருந்த பிடி தளர்ந்தது.

"அன்னிக்குக்கூட என்ன?"

"அன்னிக்குக்கூட மொத்தமா கறுத்திருந்துச்சு. சரி, இன்னிக்கு வானம் சுத்தம்னு நெனச்சேன்டா."

அந்த நொடியில் உன் குரல் கேட்டது, அண்ணே. பேயாக எல்லாம் வரவில்லை, அவ்வளவு முன்னேற்றம் உனக்கு ஏது? லுக்குட் டவுனில் பழைய சாமான் கடையில் நீ எனக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தாயே, அதில் நான் ஒரு பழைய கப்பல் சண்டை விளையாட்டைப் போட்டபோது நீ கேட்டது. கடல் ரத்தச் சிவப்பு, பாய்மரம் ரத்தச் சிவப்பு, கேப்டன் ஒரு கறுப்புப் பொட்டு. "என்னடா, ஆட்டம் ஆரம்பிக்கல, அதுக்குள்ள எல்லாரும் செத்துட்டானுங்களா?"

அன்று உனக்கு விளக்கியதை மறுபடியும் சொல்கிறேன். பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். இந்தப் பழைய புரோகிராம்களுக்கு மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு நிறம்தான் தெரியும். அவை திரைக்கு நிறத்தைச் சொல்லாது, எண்ணைச் சொல்லும். பெயின்ட் கடையில் டின்களுக்கு நம்பர் போட்டு அடுக்கி வைத்திருப்பது போல. நாலாம் நம்பர் டின்னில் சிவப்பு, கடைசி நம்பர் டின்னில் வெள்ளை. பழைய கம்ப்யூட்டர் அந்த நம்பர் டின்னைத் திறந்து பார்த்துப் பூசும். புதியதற்குக் கோடிக்கணக்கில் நிறம் தெரியும், ஆனால் டின் வரிசை கிடையாது. எண்ணை வாங்கியதும், இவ்வளவு சிவப்பு வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பெரிய எண் என்றால் கொட்டும் சிவப்பு. நாலு என்றால் ஒரு துளிச் சிவப்பு, கண்ணுக்கு அது கறுப்பு. நிறத்துக்கும் ஆழம் இருக்கிறது அண்ணே. ஆபீஸ் ஆழம் தெரியாமல் காலை விட்டது. போனது உன் கால்.

நம் மின்னல் படத்தில் வெள்ளை என்றால் அமைதி. சிவப்பு என்றால் தலைக்கு மேல். இப்போது சேர்த்துப் பார். அமைதியான நாளெல்லாம் அந்தத் திரை ரத்தமாகக் கத்தியது. கத்திக் கத்தி எல்லார் கண்ணும் மரத்துப் போனது. மின்னல் உன் உச்சியில் வந்து நின்ற நாளில் அது கறுத்துப் போய் வாயை மூடிக்கொண்டது. கிராணி அங்கிள் நிம்மதியாகத் தேநீர் ஆற்றினார்.

இந்த நோயைத் தெரிந்த நாம் இருவரும், புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. நீ வெளியே பெயர் கொடுத்துவிட்டு நேராகக் காட்டுக்குப் போகிறவன். எனக்கோ தடை. பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு நோய் தெரியாது. இதை யார் மண்டையில் கொண்டுபோய் உடைப்பது, சொல்?

ஸ்பேனரைத் தேடிக் கை துடித்தது. ஆனால் அந்தக் கறுப்புத் திட்டு ஓரத்தில் நிற்கவில்லை. குன்றைத் தாண்டி உள்ளே ஊர்ந்தது. அப்பாவின் ஆட்களுக்கு அந்த நேரம் வேலை குன்றடி மரங்களில். கறுப்புக்கு நேர் கீழே.

"விடுங்க அங்கிள். நான் சரி பண்றேன்."

"எத? மறுபடியும் தலகீழாக்கவா? போன தடவ போட்ட பட்டயே இன்னும் வீட்ல இருக்கு."

"அங்கிள், எங்கப்பா அங்க நிக்கிறாரு!"

நான் கத்திய கத்தலில் என்ன இருந்ததோ, கையை எடுத்துவிட்டார். புரோகிராமை மூடினேன். அதன் சின்னப் படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கி, பண்புகளுக்குள் போய், பழைய புரோகிராம்களுக்கு ஒத்துப்போகும் பக்கத்தைத் திறந்தேன். அங்கே நிறத்தைக் குறைக்க ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டேன். அவசரத்தில் பதினாறு பிட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். திறந்தால் சிவப்பு ஓடிப்போய், நீலமும் பச்சையுமாக மீன் தொட்டி.

"பாத்தியா! இருந்ததையும் கெடுத்துட்ட!" காதைத் திருகிப் பிடித்தார். காது அவர் கையில் இருக்க, மறுபடியும் உள்ளே போய் எட்டு பிட், இருநூற்று ஐம்பத்தாறு நிறம் என்று மாற்றினேன். திறந்தேன்.

தோட்டம் வெளுத்தது. பாதி வெள்ளை. பிறகு பச்சை, பிறகு மஞ்சள். கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்த திட்டு, வெட்டிப் போட்ட ஈரலாகச் சிவந்தது. இத்தனை நாள் வெறும் இருட்டுப் பட்டையாகக் கிடந்த அடிப்பகுதியில் ஆங்கில எழுத்துகள் முளைத்தன. வெள்ளைக்கு நேரே அமைதி. பச்சைக்குத் தூரம். மஞ்சளுக்கு அருகில். சிவப்புக்குத் தலைக்கு மேல்.

அங்கிள் என் காதை விட்டார். அதே கையால் தன் கன்னத்தில் அறைந்துகொண்டார். நிறுத்தவில்லை, அறைந்துகொண்டே போனார். நான் அந்தக் கையைப் பிடித்துச் சங்குப் பொத்தான்மேல் வைத்தேன். அவர் அழுத்தினார். கூரை அலறியது. விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"ஓடு லா! ஒங்கப்பன்!"

ஓடினேன். எதிரே ஆட்கள் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "ஒங்கப்பா வரலடா! எங்களத் தள்ளிவிட்டுட்டாரு!" என்று ஒருவர் கத்திக்கொண்டே போனார். மழை கல்லெறிவது போல விழத் தொடங்கியது. மட்டைகள் ஒன்றையொன்று அறைந்துகொண்டன. அந்தச் சத்தத்துக்குள் அப்பாவின் சத்தம் கேட்டது. உன் கழியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து நிமிர்த்தி, முகத்தை மேலே தூக்கி நின்றார்.

"பா! வாங்கப்பா! சங்கு ஊதிருச்சு!"

"அன்னிக்கு ஏன்டா ஊதல?"

"அன்னிக்குக் கலரு தப்புப்பா!"

"என்னது?"

"ஆபீஸ்ல கலரு தப்பா தெரிஞ்சிருக்கு! அதான் ஊதல! வாங்கப்பா!"

"அண்ணன் செத்ததும் ஒனக்கு வெளாட்டாடா?"

வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றியவன் உண்மையைச் சொன்னால் அது எப்படி ஒலிக்கும் என்று அன்று தெரிந்தது. கழியைப் பிடித்து இழுத்தேன். ஒரு கையால் அறைந்தார். ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. மறுபடியும் இழுத்தேன், வயிற்றில் உதைத்தார். பேசிப் பயனில்லை என்று புரிந்து, அவர் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் பிய்ந்து, அவர் ரத்தமும் என் ரத்தமும் வாய்க்குள் ஒன்றாகும்வரை விடவில்லை. கழி சாய்ந்தது. இடுப்பைக் கட்டிக்கொண்டு பாய்ந்தேன். இரண்டு பேரும் கால்வாய்ச் சேற்றுக்குள் உருண்டோம்.

அப்போது அடித்தது.

சத்தம் என்று சொல்ல மாட்டேன். உலகத்தைக் கோடாலியால் பிளந்தது போல இருந்தது. வெள்ளை, வெள்ளை மட்டும். பிறகு காதுக்குள் ஒரு ஊளை. தலையைத் தூக்கினால், அப்பா நின்ற இடத்துச் செம்பனையின் கொண்டை இரண்டாகப் பிளந்து, கொட்டுகிற மழையில் எரிந்துகொண்டிருந்தது. வெந்த குலையின் எண்ணெய் மணத்தது.

வெகுநேரம் கழித்து அப்பா வாயிலிருந்த சேற்றைத் துப்பினார்.

"கலரு தப்புன்னியே. என்னடா அது?"

அந்தக் கால்வாயில் படுத்துக்கொண்டே சொன்னேன். டின், நம்பர், சிவப்பு, கறுப்பு, எல்லாம். பல் போன வாயால் சொன்னதில் பாதி காற்றாகத்தான் போயிருக்கும். கேட்டு முடித்ததும் இரண்டு முஷ்டியாலும் மண்ணைக் குத்த ஆரம்பித்தார். நானும் குத்தினேன். சேறு எங்கள் முகத்திலேயே தெறித்தது. கை மரத்துப் போகும்வரை இருவரும் சேர்ந்து மண்ணை அடித்தோம். நீ போனதற்கு நாங்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் காலை அப்பா ஆபீஸ் படி ஏறியபோது தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கிராணி அங்கிள் எழுந்து நின்றார். என் கைவரிசையில் தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"அடிங்கண்ணே" என்றார்.

அப்பா அடித்தார். ஒரே ஒரு அறை. அங்கிளின் மூக்குக்கண்ணாடி கதவு வரைக்கும் பறந்தது. பிறகு அப்பாவே போய்ப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். மன்னித்தாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. திரையின் முன்னால் போய் நின்று என்னைப் பார்த்தார்.

"என்ன கலருடா?"

"வெள்ளப்பா."

நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அண்ணே, என் பேச்சை ஒரு மனிதர் மறு கேள்வி கேட்காமல் நம்பிய நாள் அதுதான். அவர் போன பிறகும் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு நான் போட்ட டிக்கை விழுங்கிவிட்டது. திரை மறுபடியும் முழுச் சிவப்பு. கிராணி அங்கிள் ஒரு நொடி யோசிக்காமல் சங்கை ஊதிவிட்டார். வெயில் காய்ந்துகொண்டிருக்க, எல்லாரும் கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. "வாலு எங்கடா? அவனக் கூப்பிடு, செவப்பு வந்திருச்சு" என்றுதான் கேட்டார்கள். முன்பெல்லாம் என்னைத் தேடினால் காதைத் திருகத்தான் தேடுவார்கள்.

அம்மா ராசாவிலிருந்து வந்துவிட்டாள். உன் கழியிலிருந்து அரிவாளைக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு கவட்டைக் கட்டையில் படுக்க வைத்திருக்கிறார் அப்பா. யாரையும் நிமிர்த்த விடுவதில்லை. அம்மா அதில் துணி காயப் போடுகிறாள். மேகம் கூடினால் அவள் இப்போது அலமாரிக்குப் போவதில்லை. துணியை எடுத்துவிட்டு, சங்கு ஊதுகிறதா என்று ஆபீஸ் பக்கம் காதை வைத்து நிற்கிறாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு டிக். அதற்கு நீயா விலை? இடி இடித்தால் இன்னமும் முஷ்டி தானாக மூடிக்கொள்கிறது. மேலே நீ இருக்கும் இடத்தில் வானத்தின் சட்டைக் காலர் கைக்கு எட்டினால், என் பங்குக்கும் சேர்த்து ஒன்று வை.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். திருந்திவிடுவேன் என்று நினைத்துப் பயப்படாதே. அப்பாவின் காப்பியில் உப்பு விழும். கிராணி அங்கிளின் நாற்காலி ஒரு நாள் திடீரென்று தாழும். ஆனால் இந்தத் தோட்டத்தில் எவர் வந்து "என்ன கலரு?" என்று கேட்டாலும் என் வாயிலிருந்து விளையாட்டு வராது. அந்த டிக்கை எந்தப் புதுக் கம்ப்யூட்டர் எத்தனை முறை விழுங்கினாலும் வாய்க்குள் கையை விட்டு எடுத்து மறுபடியும் போடுவேன். உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வழியில்லை, அதனால் என் தலையில் அடித்துக்கொண்டேன். வலிக்கிறது, திருப்தியா?

இன்று வெள்ளை, அண்ணே. அப்பா குலை வெட்டப் போயிருக்கிறார்.

ஒரு பல் குறைந்து, உன் குத்தின் தடம் மட்டும் குறையாத முதுகோடு,
உன் தம்பி வாலு